நுண்கடன் எந்த ஏழை வீடு வரை போகிறது? பரவலை அளக்கும் வழியும் கணக்கு தவறும் இடங்களும்

ஒரு நுண்கடன் நிறுவனத்துக்கு எத்தனை மாவட்டங்களில் கிளை இருக்கிறது, எத்தனை லட்சம் பேருக்குக் கடன் கொடுத்திருக்கிறது என்ற இரண்டு எண்களும் அதன் ஆண்டறிக்கையின் முதல் பக்கங்களிலேயே கிடைத்துவிடும். அவற்றை வைத்து மாவட்ட வரைபடத்துக்கு வண்ணம் அடித்துவிட்டால் பரவலை அளந்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரைபடம் காட்டுவது கிளைகள் பரவியிருக்கும் விதத்தை மட்டும்தான். கடன் ஏழை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அதில் பதில் இருக்காது. தவறாகப் போட்ட வரைபடத்தால் வரும் கேடு சின்னதல்ல. ஏற்கெனவே மூன்று நான்கு கடனில் இருக்கும் குடும்பங்களிடமே புதுப் பணமும் போகும். ஒரு கடனும் எட்டாத ஊர் அப்படியே விடுபடும்.

அளக்க வேண்டியது ஒரு பின்னம். மேலே வருவது: இன்ன தேதியில் நுண்கடன் நிலுவை வைத்திருக்கும், அந்தப் பகுதியில் வசிக்கும், தனித்தனி ஏழைக் குடும்பங்களின் எண்ணிக்கை. கீழே வருவது: அதே பகுதியில் வசிக்கும் மொத்த ஏழைக் குடும்பங்கள். எழுதிப் பார்த்தால் எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் ‘நிலுவை’, ‘தனித்தனி’, ‘வசிக்கும்’, ‘ஏழை’ என்ற நான்கு சொற்களும் நான்கு தனி வேலைகள். எந்த ஒன்றை விட்டாலும் விடை மாறிவிடும்.

நிலுவையும் இரட்டிப்பும்

முதல் வேலை சுலபம். ‘இதுவரை கடன் பெற்றவர்கள்’ என்ற கூட்டுத்தொகையைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தேதியை எடுத்துக்கொண்டு, அன்று நிலுவை பூஜ்யத்துக்கு மேல் உள்ள கணக்குகளை மட்டும் எண்ணுங்கள். தள்ளுபடி செய்த வாராக்கடனைக் கழித்துவிடுங்கள். நிறுவனம் தன் கடன்களை வங்கிக்கு விற்றிருந்தாலோ, வங்கியின் முகவராக இருந்து கடன் கொடுத்திருந்தாலோ அதே பெண் இரண்டு பக்கக் கணக்கிலும் இருப்பார். அதனால் தன் ஏட்டில் உள்ள ‘சொந்தக் கடன்’, வங்கிக்காகப் பார்த்துக்கொள்ளும் ‘நிர்வகிக்கும் கடன்’ என்ற இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். சுயஉதவிக் குழுக்களின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே வங்கி ஏட்டில் இருப்பது குழுவுக்கு ஒரே கணக்கு. உறுப்பினர்கள் பத்து முதல் இருபது பேர் இருப்பார்கள். அவர்களில் பணம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது குழுவின் ஏட்டில்தான் இருக்கும். குழு எண்ணிக்கையை உறுப்பினர் சராசரியால் பெருக்கிக் கடன்காரர் கணக்கில் சேர்க்கும் பழக்கம் பரவலாக உண்டு. சேமிப்பு மட்டும் செய்யும் குழுக்களையும் அதில் சேர்த்துவிட்டால் எண் எங்கேயோ போய்விடும்.

தனித்தனிக் குடும்பங்களை எண்ணுவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. உலக அளவிலேயே இது தடுமாறியிருக்கிறது. 1997-இல் வாஷிங்டனில் நடந்த நுண்கடன் உச்சி மாநாடு, 2005-க்குள் உலகின் மிக ஏழையான 10 கோடிக் குடும்பங்களை எட்டுவது என்று இலக்கு வைத்தது. அதற்கான எண்ணிக்கை நிறுவனங்கள் தாங்களே அனுப்பிய கணக்குகளின் கூட்டல். ஒரே குடும்பம் இரண்டு நிறுவனங்களில் இருந்தால் அந்தக் கூட்டலில் அது இரண்டு குடும்பமாகிவிடும்.

ஓர் ஒன்றியத்தில் மூன்று நிறுவனங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்குகள் முறையே 4,000, 3,500, 2,500; மொத்தம் 10,000. கடன் உள்ள குடும்பம் ஒவ்வொன்றும் சராசரியாக 1.6 கடன் வைத்திருப்பதாக மாதிரிக் கணக்கெடுப்பில் தெரிகிறது. அப்படியானால் உண்மையில் எட்டப்பட்டவை 6,250 குடும்பங்கள். பக்கத்து ஒன்றியத்தில் 3,000 கணக்குகள், சராசரி 1.05. அங்கே சுமார் 2,857 குடும்பங்கள். கணக்குகளைப் பார்த்தால் முதல் ஒன்றியம் மூன்று மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. குடும்பங்களைப் பார்த்தால் இரண்டு மடங்குக்குச் சற்றே மேல். பரவல் அதிகமாகத் தெரியும் இடத்தில்தான் இரட்டிப்பும் அதிகம். ஆகவே மாநிலம் முழுவதற்கும் ஒரே சராசரியால் வகுப்பது பிழை; பகுதிவாரியாகத்தான் வகுக்க வேண்டும்.

அந்தச் சராசரியை எடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிறுவனங்களின் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால், மூன்று கடன் உள்ள குடும்பம் மூன்று பட்டியலில் இருப்பதால் அது மாதிரியில் விழும் வாய்ப்பும் மூன்று மடங்கு. பாதிக் குடும்பங்களுக்கு ஒரு கடன், மீதிக்கு மூன்று கடன் என்றால் உண்மைச் சராசரி 2. பட்டியல் மாதிரி 2.5 என்று காட்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘ஒன்றின் கீழ் அதன் கடன் எண்ணிக்கை’ (மூன்று கடன் என்றால் 1/3) என்ற எடை கொடுத்தால் இது சரியாகிவிடும். வீடு வீடாகப் போய் எடுத்த மாதிரிக்கு இந்த எடை வேண்டாம். யாருக்கு எங்கெங்கே கடன் என்று தொகுத்து வைக்கும் கடன் தகவல் நிறுவனத்தின் தரவு கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். ஆனால் அது ஆளை அடையாளம் காட்டுமே தவிர குடும்பத்தை அல்ல. மாமியார் பெயரில் ஒன்றும் மருமகள் பெயரில் ஒன்றும் இருந்தால் அது இரண்டு ஆள், ஒரு வீடு.

கடன் எந்த ஊரில் இருக்கிறது?

கிளையிலிருந்து வரும் எக்செல் கோப்பில் ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் எண், பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், சென்டர் (கடன்காரர்கள் வாராவாரம் கூடும் குழு) எண், ஊர், பின்கோடு, கடன் தேதி, நிலுவை, கடைசியில் அட்சரேகை, தீர்க்கரேகை. கடைசி இரண்டு கட்டங்களும் நிரம்பியிருந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். அவற்றை அப்படியே நம்பி வரைபடத்தில் போடாதீர்கள். முதலில் அந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்து, ஒரே மதிப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தாவது தசம இடம் என்பது தரையில் சுமார் ஒரு மீட்டர். இரண்டு வீடுகளுக்கு ஐந்து தசம இடங்களும் ஒத்துப்போவது அபூர்வம். நூற்றுக்கணக்கான வரிகளில் அதே எண்கள் இருந்தால், படிவத்தைக் கிளையில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறார்கள், கைப்பேசி கிளைக் கட்டடத்தின் இடத்தைப் பதிந்திருக்கிறது என்று பொருள். பதினைந்து இருபது வரிகளில் ஒரே எண் வந்து, சென்டர் எண்ணும் ஒன்றாகவே இருந்தால் அது கூட்டம் நடக்கும் இடம். அதை வீடாகப் பயன்படுத்தலாம்; நடந்து வரும் தூரத்துக்குள் இருப்பவர்கள்தான் வாராவாரம் கூட்டத்துக்கு வருவார்கள். மூன்றே தசம இடங்கள் இருந்தால் நூறு மீட்டர் வரைகூடப் பிசகலாம். ஊர் அளவில் கணக்கிட அது போதும், தெரு அளவுக்கு உதவாது.

ஜிபிஎஸ் இல்லாத கோப்புகளில் ஊர்ப் பெயரும் பின்கோடும்தான் கதி. பின்கோடு தபால்காரரின் வசதிக்காக வகுத்த எல்லை. ஒன்றிய எல்லையை வெட்டிக்கொண்டு போகும். ஊர்ப் பெயரோ ஒரே மாவட்டத்தில் நாலைந்து முறை வரும், ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டில் வரும். பொருத்தும்போது இந்த வரிசையைக் கடைப்பிடியுங்கள். அரசு ஊர்க் குறியீட்டு எண் இருந்தால் அதை வைத்து முதலில். அடுத்து, பெயரும் ஒன்றியமும் முழுமையாக ஒத்துப்போகிறவை. பிறகு அதே ஒன்றியத்துக்குள் மட்டும் ஒலி ஒத்த பெயர்கள். மிச்சத்தைக் கையால் பொருத்த வேண்டும். ஒலிப் பொருத்தத்தை மாவட்டம் முழுவதும் ஓடவிட்டால் எங்கேயோ இருக்கும் ஊருக்குக் கடனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

கடைசி வரை பொருந்தாத வரிகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும் பழக்கத்தை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். பொருந்தாமல் நிற்பவை பெரும்பாலும் பட்டியலில் தனிப் பெயர் இல்லாத சிறு குடியிருப்புகள், புதிதாகக் குடியேறிய பகுதிகள், மலை ஊர்கள். அவற்றை நீக்கினால் தேடிப் போன ஏழை வீடுகளையே நீக்குகிறீர்கள். பொருந்தாத விழுக்காட்டைக் கிளைவாரியாக அறிக்கையில் எழுதுங்கள். அது 10 விழுக்காட்டைத் தாண்டும் கிளைக்கு நேரில் போய், அந்தக் கிளையின் கடன் அலுவலர்களை உட்காரவைத்து ஊர்களைக் குறித்து வாங்குவதே வழி.

நகரத்தில் வேறொரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் இருப்பது சொந்த ஊர் முகவரி, ஆள் இருப்பது நகரத்தில் வாடகை வீட்டில். முகவரியை அட்டையிலிருந்து எடுக்கும் நிறுவனத்தின் கோப்பு, நகரக் கடனை நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் காட்டும். சென்டர் இருக்கும் ஒன்றியமும் முகவரி ஒன்றியமும் வேறுபடும் வரிகளைத் தனியே பிரித்தால் இது உடனே வெளியே வரும். இரண்டும் முரண்பட்டால் சென்டரை நம்புங்கள்.

யார் ஏழை?

நுண்கடன் வாங்கியவர் என்பதாலேயே ஏழை என்று எடுத்துக்கொள்வதுதான் இங்கே மிகப் பழைய பிழை. வங்காளதேசத்தில் கிராமீன் வங்கி 1983-இல் வங்கியானபோதே அரை ஏக்கருக்குக் குறைவாக நிலம் உள்ள குடும்பங்களுக்குத்தான் கடன் என்று தெளிவாக விதி வைத்திருந்தது. அதைத் தாண்டியும் நிலம் வைத்திருந்தவர்கள் கடன்காரர்களில் கணிசமாக இருந்தார்கள் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. விதி இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், விதியே இல்லாத இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

சராசரிக் கடன் தொகையை நாட்டின் தலா வருமானத்தால் வகுத்து, 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ‘ஏழைகளை எட்டுகிறது’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. கைவசம் உள்ள எண்ணிலேயே முடிந்துவிடுவதால் எல்லோருக்கும் பிடித்துப்போனது. சிறு தொகை என்பதற்குக் காரணம் முதல் கடன் சுற்றாகவும் இருக்கலாம், நிறுவனத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். பகுதிகளை ஒப்பிட இதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

நம்பகமான வழி வறுமை மதிப்பெண் அட்டை. பத்துக் கேள்விகள்: குடும்பத்தில் எத்தனை பேர், கூரை என்ன, எரிபொருள் என்ன, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்பது போல. நாட்டுக்கு நாடு அட்டை மாறும். தேசியக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து உருவாக்கப்படுவது. மதிப்பெண் 0 முதல் 100 வரை. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ‘இந்தக் குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்கும் வாய்ப்பு இவ்வளவு’ என்று ஒரு பட்டியல் கூடவே வரும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஏதோ ஒரு மதிப்பெண்ணை எல்லையாக வைத்து, கீழே இருந்தால் ஏழை, மேலே இருந்தால் இல்லை என்று பிரிக்கக் கூடாது. வாய்ப்பு 60 விழுக்காடு என்றால் அந்தக் குடும்பத்தை 0.6 ஏழைக் குடும்பமாக எண்ணிக் கூட்டுங்கள். நூறு குடும்பங்களின் வாய்ப்புகளைக் கூட்டி 38 வந்தால், ஏறத்தாழ 38 ஏழைக் குடும்பங்கள். எல்லை வைத்துப் பிரித்தால் 20-ஓ 55-ஓ வரும். அது நீங்கள் வைத்த எல்லையைப் பொறுத்தது.

அட்டை தேசிய அளவுக்குச் சரியாக்கப்பட்டது. ஒரு கடலோர ஒன்றியத்திலோ மலைப் பகுதியிலோ அது ஒரு பக்கமாகச் சாயலாம். கூரை எப்படி இருக்கும் என்பதை வறுமையோடு மழையும் தீர்மானிக்கும். பகுதிகளுக்கு இடையே நாலைந்து விழுக்காடு வித்தியாசம் தெரிந்தால் அதன் மேல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அட்டையை நிரப்புவது கடன் அலுவலர் என்றால், பத்தில் ஒரு வீட்டை வேறொருவர் போய் மறுபடியும் கேட்க வேண்டும். கூரை, எரிபொருள் போன்று கண்ணால் பார்க்கக்கூடிய விடைகளே மாறியிருந்தால் அந்த அலுவலரின் மொத்த அட்டைகளையும் ஒதுக்கிவிடலாம்.

அட்டை இல்லாத நாட்டுக்கு இன்னொரு முறை உண்டு. ஒரு பகுதியில் 200 கடன்காரக் குடும்பங்களையும் கடன் இல்லாத 300 குடும்பங்களையும் எடுத்து, வீடு, உணவு, சொத்து விவரங்களிலிருந்து ஒரு குறியீடு செய்து, கடன் இல்லாதவர்களை மூன்று சம பாகமாகப் பிரித்து, கடன்காரர்கள் எந்தப் பாகத்தில் குவிகிறார்கள் என்று பார்ப்பது. அந்தப் பகுதிக்குள் யாரை எட்டுகிறார்கள் என்பதை இது நன்றாகச் சொல்லும். ஆனால் பணக்காரப் பகுதியின் கீழ்ப் பாகமும் வறண்ட பகுதியின் கீழ்ப் பாகமும் ஒன்றல்ல என்பதால் பகுதிக்குப் பகுதி ஒப்பிட இது உதவாது.

வறுமைக் கோட்டைத் தேர்ந்தால் கடைசி வரை அதிலேயே இருங்கள். உலக வங்கியின் கோடு நாளொன்றுக்கு 1.25 டாலர், 2015-இல் 1.90, 2022-இல் 2.15, 2025-இல் 3.00 என்று மாறி வந்திருக்கிறது. பழைய அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்துப் போக்கு சொல்கிறவர்கள் பல நேரம் கோடு மாறியதைத்தான் சொல்கிறார்கள்.

கீழே வரும் எண்

மொத்த ஏழைக் குடும்பங்கள் எத்தனை என்பதை மாவட்ட அளவில் சொல்லும் கணக்கெடுப்பு பெரும்பாலான நாடுகளில் கிடையாது. செலவுக் கணக்கெடுப்பின் மாதிரி மாநில அளவுக்குத்தான் போதும். அதை மாவட்டத்துக்கு உடைத்தால் சில மாவட்டங்களுக்குச் சில நூறு வீடுகள்கூட இருக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் செலவுக் கணக்கெடுப்பையும் இணைத்துச் சிறு பகுதி மதிப்பீடு செய்வது ஒரு வழி. அது கிடைக்காவிட்டால் வீட்டுச் சொத்துக் குறியீட்டின் கடைசி ஐந்தில் இரண்டு பங்கை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘வறுமை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, பயன்படுத்திய குறியீட்டின் பெயரையே தலைப்பில் எழுதுங்கள்.

எல்லைகள் மாறுவதும் தொல்லைதான். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 640 மாவட்டங்களில் நடந்தது. அதன்பின் தெலங்கானாவின் 10 மாவட்டங்கள் 2016-இல் 31 ஆகி, 2019-இல் 33 ஆயின. தமிழ்நாட்டின் 32 மாவட்டங்கள் 38 ஆயின. நிறுவனக் கோப்பில் புது மாவட்டம், கீழ் எண்ணில் பழைய மாவட்டம் என்று இருந்தால், பிரிந்துபோன தாய் மாவட்டத்தின் பரவல் ஒரே ஆண்டில் சரிந்தது போலத் தெரியும். புதியதைப் பழையதற்குள் திரும்ப மடக்கிக் கணக்கிடுங்கள். ஒன்றிய அளவில் செய்தால் மடக்குவது எளிது. ஒன்றிய அளவில் செய்ய இன்னொரு காரணமும் இருக்கிறது. மாவட்டச் சராசரியில், தலைநகரைச் சுற்றியுள்ள இரண்டு ஒன்றியங்கள் மீதி எட்டையும் மறைத்துவிடும்.

ஒப்பிட ஒரு குறியீடு வேண்டுமென்றால் இந்தியத் துறை ஆய்வுகளில் புழங்கும் இரண்டு போதும். ஒரு பகுதியின் கடன்காரர் பங்கை மக்கள்தொகைப் பங்கால் வகுப்பது ஒன்று. அதே பங்கை ஏழைகளின் பங்கால் வகுப்பது மற்றொன்று. ஒரு மாவட்டத்தில் மாநிலக் கடன்காரர்களில் 12 விழுக்காடு, மக்கள்தொகையில் 8 விழுக்காடு, ஏழைகளில் 15 விழுக்காடு என்றால், முதல் குறியீடு 1.5, இரண்டாவது 0.8. மக்களுக்கு அதிகம் கொடுத்ததுபோல் தெரியும் மாவட்டம் ஏழைகளுக்குக் குறைவாகக் கொடுத்திருக்கிறது. ஒரு காலத்தில் தென் மாநிலங்கள் 1-ஐத் தாண்டி நிற்க, உத்தரப் பிரதேசம், பீகார் எல்லாம் வெகு கீழே இருந்தன. பிறகு பீகார் நுண்கடனின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றாகிவிட்டது. இவை ஒப்பீட்டுக் குறியீடுகள் என்பதை மறக்கக் கூடாது. எல்லா இடத்திலும் கடன் பாதியாகக் குறைந்தாலும் இவை அசையாது. முன்னே சொன்ன பின்னத்தையும் பக்கத்தில் போட்டே ஆக வேண்டும்.

களத்தில் சரிபார்ப்பது

நிறுவனத் தரவை மட்டும் வைத்து முடிக்காமல் வீட்டுக் கணக்கெடுப்பு ஒன்று அவசியம். மாதிரியின் அளவில்தான் எல்லோரும் ஏமாறுவார்கள். பரவல் 30 விழுக்காடு இருக்கும், 5 விழுக்காடு பிசகு பரவாயில்லை என்றால் எளிய சூத்திரம் 323 வீடுகள் என்கும். நுண்கடன் குழுவாகக் கொடுக்கப்படுவது. ஒரு தெருவில் ஒருவரிடம் இருந்தால் பக்கத்து வீட்டிலும் இருக்கும். இந்த ஒற்றுமையை (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் ஊரே ஒன்றுபோல) 0.2 என்று வைத்தால், ஊருக்கு 10 வீடு எடுக்கும்போது மாதிரி 2.8 மடங்காக வேண்டும். அதாவது சுமார் 905 வீடுகள், 90 ஊர்கள். ஊருக்கு 20 வீடு என்று போனால் 4.8 மடங்கு. ஊர்களைக் குறைத்து வீடுகளைக் கூட்டுவது செலவை மிச்சப்படுத்துவதுபோல் தெரிந்தாலும் கணக்கில் நஷ்டம்.

‘கடன் இருக்கிறதா?’ என்று நேராகக் கேட்டால் பாதிப் பேர் மறைப்பார்கள். இது ஊகமல்ல. தென்னாப்பிரிக்காவில், ஒரு கடன் நிறுவனத்தில் அண்மையில் கடன் வாங்கியவர்கள் என்று ஏட்டிலிருந்து உறுதியாகத் தெரிந்தவர்களிடம் கேட்டபோது ஏறத்தாழ பாதிப் பேர் அதைச் சொல்லவில்லை. ஆகவே பெண்களைத் தனியாகக் கேளுங்கள். கணவருக்குத் தெரியாத கடனும் உண்டு. ‘வாரக் கூட்டத்துக்குப் போவீர்களா, எந்தக் கிழமை, யார் வசூலிக்க வருவார்?’ என்று தொடங்குங்கள். நிறுவனங்களை ஊரார் அழைக்கும் பெயரால் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். தவணை குறிக்கும் கடன் அட்டையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், வற்புறுத்த வேண்டாம். கேட்பவர் எந்த நிறுவனத்தின் ஊழியராகவும் இருக்கக் கூடாது.

கிளையைச் சுற்றி வட்டம் போட்டு உள்ளே இருப்பவரெல்லாம் ‘எட்டப்பட்டவர்’ என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். கடன் அலுவலர் இருசக்கர வண்டியில் காலையில் இரண்டு மூன்று சென்டர்களை முடிக்க வேண்டும். ஆறு குறுக்கே இருந்தால் ஐந்து கிலோமீட்டர் என்பது முப்பது ஆகும். சாலைவழிப் பயண நேரத்தைக் கணக்கிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைத் தரவும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இதற்குப் போதும், இரண்டும் இலவசம்.

வரைபடத்தை வெளியிடும்போது பரவல் விழுக்காட்டுக்குப் பக்கத்தில் ‘ஒரு குடும்பத்துக்குச் சராசரிக் கடன்கள்’ என்ற எண்ணும் இருக்கட்டும். 2010 அக்டோபரில் ஆந்திர அரசு நுண்கடன் வசூலைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்து வசூல் நின்றுபோவதற்கு முன்பு, பரவல் வரைபடத்தில் மிக அடர்ந்த நிறத்தில் இருந்தது அந்த மாநிலம்தான். அதன்பின் ரிசர்வ் வங்கி ஒருவருக்கு இரண்டு நுண்கடன் நிதி நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுக்கக் கூடாது என்று 2011-இல் வரம்பு வைத்தது. 2022-இல் அதை மாற்றி, குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகக் கூடாது என்றது. அடர்த்தியை மட்டும் பார்த்து முதல் பரிசு கொடுக்கும் அறிக்கை, ஒரே வீட்டில் பல கடன்கள் குவிவது ஆபத்து என்ற இந்தப் பாடத்தைத் தவறவிடும்.

கடன் உள்ள வீடுகளைப் புள்ளிகளாகக் காட்டும் வரைபடத்தை வெளியே விடவே கூடாது. கந்துவட்டிக்காரருக்கும் போட்டி நிறுவனத்துக்கும் அது ஆயத்தப் பட்டியல். பத்துக் குடும்பங்களுக்குக் குறைவான ஊரைப் பக்கத்து ஊரோடு சேர்த்துக் காட்டுங்கள். புள்ளிகள்தான் வேண்டுமென்றால், சர்வதேச மக்கள்தொகை–சுகாதாரக் கணக்கெடுப்புகள் செய்வதுபோல் இடத்தைத் தற்செயலாக நகர்த்தலாம்: நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்றை 10 வரை. நகர்த்தாத மூலக் கோப்பைப் பெயர் நீக்கி, கடவுச்சொல்லோடு, ஒரே ஒரு பொறுப்பாளரிடம் வையுங்கள்.